கழுவி வந்த வண்டி

அந்தோணிராஜின் கடை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. கடையின் பெயர் அதில் சின்னதாகவும் எச்சரிக்கை பெரிதாகவும் இருக்கும். 'வண்டியைக் கழுவிக் கொண்டு வரவும். கழுவாத வண்டியில் கை வைப்பதில்லை.' திருப்பூரில் கடை போட்டுப் பிழைக்க வந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் எவனும் இப்படி எழுதமாட்டான். மண்ணும் ஆயிலும் அப்பிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனை வாங்க என்று கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும். அந்தோணிராஜுக்கு அந்தக் கவலை கிடையாது. அழுக்கு இருந்தால் கோளாறு கண்ணுக்குத் தெரியாது என்பது அவன் கட்சி. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பழுப்பேறாத வெள்ளைப் பனியனோடு நின்று வேலை பார்க்கிற ஒரே எலக்ட்ரீசியன் நான்தான் என்று வீட்டில் மனைவி நதியாவிடம் சொல்லிக்கொள்வான். அந்தப் பனியனைத் துவைக்கிறவள் அவள் என்பதால் பதில் சொல்லமாட்டாள்.

நாசரேத் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன். முதல் இரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் பீஸில் ஒரு பீஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பிடித்துவிடுவான். அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டுதான் காங்கேயம் ரோட்டில் ஒரு லாரி எலக்ட்ரீசியனிடம் சேர்ந்தான், ஆறு வருஷம் கற்றான், இரண்டாயிரத்தில் சொந்தக் கடை போட்டான்.

பேட்டரி போய்விட்டது, புதுசு போடுங்கள் என்று வருகிறவர்களை உட்காரவைத்துவிட்டு முதலில் மீட்டரை எடுப்பான். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பதினாலுக்கு ஏற வேண்டும். ஏறாமல் பன்னிரண்டிலேயே முக்கிக்கொண்டு நின்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, அதற்குச் சோறு போடுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இப்படிச் சொல்லியே பாதிப் பேரைப் புதுப் பேட்டரி வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறான். இன்னொரு பழக்கமும் அவனிடம் உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழசைத் துடைத்து, ஒரு கவரில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவான். இதோ உங்கள் பழசு, உள்ளே இருப்பது அசல் புதுசு என்று அர்த்தம். டூப்ளிகேட் சாமான் அவன் கடைப்படி ஏறியதில்லை. அந்தோணி கை வைத்தால் மறுபடி பார்க்க வேண்டாம் என்று அந்த வீதியில் ஒரு பேச்சு இருந்தது. அவன் சேர்த்த சொத்தும் அது ஒன்றுதான்.

அந்தச் சொத்துக்கு ஆபத்து ஒரு வெள்ளை டீசல் கார் வழியாக வந்தது.

காருக்குச் சொந்தக்காரர் சாமியப்பன். தறி நெய்த குடும்பம், இப்போது எக்ஸ்போர்ட் யூனிட். கிருத்திகை தவறாமல் முருகனைப் பார்க்கிறவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லாதவர். அவரிடம் ஆறு வண்டிகள் இருந்தன, ஆறும் அந்தோணிராஜின் கடைக்குத்தான் வரும். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் அங்கேயே அனுப்பினார்கள். வெள்ளைக் காரை ஓட்டியவர் ராக்கையா. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், அம்பதை எட்டியவர். முன்பு சாமியப்பனின் கம்பெனியில் கட்டிங் மெஷினில் நின்றவர். இடது கையில் இரண்டு விரலை அந்த மெஷின் வாங்கிக்கொண்டது. வேறு எந்த வேலைக்கும் ஆகாத கை என்று ஆனபிறகு சாமியப்பன் அவருக்கு டிரைவர் சீட்டைக் கொடுத்தார். ராக்கையா அந்தக் காரைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் நகர்த்துவார். ஆறு டிரைவர்களில் கழுவாமல் வந்து திரும்பிப் போகாத ஒரே ஆள் அவர்தான். பானட்டைத் திறந்தால் உள்ளேயும் கழுவித் துடைத்திருக்கும். ஊர்க்காரர் என்ற பாசம் வேறு. அந்தோணிராஜ் அவரை அண்ணாச்சி என்பான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் கார் முதல் தடவை மக்கர் செய்தது. கம்பெனிக்குப் போகிற சந்து பள்ளமான சந்து. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே சாயப்பட்டறைக் கலர்த்தண்ணீர் நிற்கும், ஒருநாள் நீலம், ஒருநாள் சிவப்பு. அது தெறித்து ஆல்டர்னேட்டருக்குள் புகுந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிவிடுகிற டயோட் தட்டைப் புதிதாகப் போட்டு, மாட்டிக் கொடுத்தான். போகிறபோது சும்மா போகட்டும் என்று விட்டிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கிடுங்க. தண்ணி படலைன்னா இது பத்து வருசத்துக்கு அசையாது" என்றான்.

ராக்கையா தலையாட்டினார். அவர் எதையும் காதில் வாங்கி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

தை கடைசியில் கார் திரும்பி வந்தது. ஓடும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. டீசல் வண்டி என்பதால் நிற்காமல் ஓடிவிட்டது, மறுநாள் காலையில் செல்ப் எடுக்கவில்லை. மீட்டர் வைத்தான். பன்னிரண்டுக்கு மேல் ஏறவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான், விறைப்பு சரியாக இருந்தது. எர்த் வயர் சுத்தம். ஆல்டர்னேட்டரைத் திறந்தான். போன தடவை போட்ட புத்தம்புது டயோட் தட்டு கருகிக் கிடந்தது. உள்ளே பஞ்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. திருப்பூரில் பஞ்சு ஒட்டாத இடம் எது? டிவிக்குள் இருக்கும், டீ கிளாஸில் மிதக்கும், தும்மினால் மூக்கிலிருந்து வரும். ஊதிவிட்டான்.

"தண்ணி ஏதும் பட்டுதா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"ஒரு சொட்டு படலை தம்பி. நீ சொன்ன மாதிரியே பாத்துக்கிடுதேன்" என்றார் ராக்கையா, பெருமையாக.

புதுத் தட்டைப் போட்டான். கருகியதைக் கவரில் போட்டு முதலாளியிடம் கொடுக்கச் சொன்னான். ஒரு மாசத்தில், பங்குனியில், கார் மூன்றாம் தடவை வந்தது. அதே கருகல். இந்தத் தடவை ஆல்டர்னேட்டரையே பிரித்துப் பரப்பினான். பேரிங், கார்பன், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மாற்றினான். பேட்டரியைத் தனியாக இறக்கி ஒரு பகலும் ஒரு இரவும் வைத்துப் பார்த்தான், அதில் குற்றமில்லை. மாட்டியபிறகு தானே எடுத்துக்கொண்டு காங்கேயம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். லைட், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டும் பதினாலை ஒட்டியே நின்றது. காலையில் வந்து எஞ்சின் ஆறியிருக்கையில் ஆல்டர்னேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். டயோட் கசிந்தால் வண்டி நிற்கும்போதும் அது சுடும். சுடவில்லை, சில்லென்று இருந்தது. அவன் கையில் இருக்கும்வரை அந்தக் காருக்கு ஒரு நோயும் இல்லை. கைவிட்டுப் போனதும் கருகியது.

 ஊசிமுனை ஓட்டையைப் பிடித்த கண் எங்கே போயிற்று என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான். தட்டு வாங்கிய கடையில் போய்ச் சண்டை பிடித்தான். அவர்கள் பெட்டியை உடைக்காமல் எடுத்துக் காட்டினார்கள், அசல் சரக்குதான். கார் வந்து நிற்கும்போதெல்லாம் பானட்டைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பான். கழுவித் துடைத்த எஞ்சின் ஒன்றும் சொல்லாது.

சாமியப்பன் கோபித்திருந்தால் தேவலை. எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் ஒருநாள் கடைப்பக்கம் வந்து, மேஜை டிராயரில் கழற்றிய மூன்று தட்டும் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. எங்க சின்னவன்தான் கேக்கறான், புதுசு போட்டா இப்படி வரிசையாக் கருகுமான்னு. எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். நீங்க பாத்து நல்லதாப் போட்டுக் குடுங்க" என்றார்.

நல்லதாகப் போட்டுக் கொடுங்கள். இதற்குமேல் ஒருவனை எப்படித் திருடன் என்று சொல்வது? அந்த மரியாதைக்கு முன்னால் நான் டூப்ளிகேட் போடவில்லை என்று வாய் திறந்து சொல்ல முடியாது. அவர்தான் அப்படிச் சொல்லவே இல்லையே. நேர்மையைக் காட்ட அவன் கொடுத்தனுப்பிய பழைய தட்டுகளே சாட்சிகளாக அங்கே டிராயரில் படுத்திருந்தன.

நான்காம் தடவைக்கு ஒரு மாசம்கூட ஆகவில்லை. பன்னிரண்டே நாள். பங்குனி வெயிலில் சாமியப்பன் தாயாரோடு சிவன்மலைக்குப் போயிருக்கிறார். சாமி கும்பிட்டு இறங்கிவந்தால் கார் உயிரற்று நிற்கிறது. எண்பது வயதுத் தாயாரை மூட்டை ஏற்றுகிற வேனில் முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்குக் கூட்டிவர வேண்டியதாயிற்று. மறுநாள் கார் அந்தோணிராஜின் கடைக்கு வரவில்லை. நாலு கடை தள்ளி நஞ்சப்பன் கடைக்குப் போயிற்று. அந்த வாரத்துக்குள் மற்ற ஐந்து வண்டிகளும் போயின. பக்கத்துக் கம்பெனி வண்டிகளும் ஒன்றிரண்டு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டன. அந்தோணி நல்ல ஆள்தான், என்ன கஷ்டமோ, டூப்ளிகேட் போட ஆரம்பித்துவிட்டான் என்று டீக்கடையில் பரிதாபப்பட்டார்கள். ஏசினால்கூடத் தாங்கியிருப்பான். பரிதாபத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்து, மனம் கேட்காமல் ராக்கையாவின் வீட்டுக்குப் போனான். வரிசையாகப் பத்து வீடு இருக்கிற காம்பவுண்டு அது. ராக்கையா கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சின்னத்தாய் உட்காரச் சொன்னாள். சாமியப்பன் கம்பெனியிலேயே டெய்லராக இருக்கிறவள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பனியன் துணியில் உறை உண்டு. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக்கூடப் பனியன் கழுத்துப்பட்டி மாதிரி ரிப் வைத்த உறை. திருப்பூரில் டெய்லர் வீடுகள் அப்படித்தான், வேஸ்ட் துணி சும்மா கிடந்தால் அவர்களுக்குக் கை அரிக்கும்.

வாசல் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பனியன்களுக்கும் பாவாடைக்கும் நடுவில் ஒரு விசித்திரமான சாமான் தொங்கியது. குழந்தைக்குல்லா மாதிரி உருண்டை, வாயில் ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக். துவைத்தும் போகாத பழுப்பு அதில் ஒரு பக்கம் படிந்திருந்தது. வெறும் பழுப்பு இல்லை. நடுவிலிருந்து நாலா பக்கமும் விரிகிற நீளநீளமான கோடுகள்.

அந்தக் கோடுகளை அவனுக்குத் தெரியும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் சூடு வெளியேறுவதற்கென்று விட்டிருக்கிற திறப்புகள்தான் அவை. சூட்டில் துணியில் அப்படியே அச்சாகியிருந்தன.

சின்னத்தாய் அவன் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது ஒங்க டைனமோவுக்குத் தச்ச ஒறதான் தம்பி. தண்ணி படக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே. மொதல்ல ஒத்தத் துணியில தச்சேன், கலர்த்தண்ணி ஊறுதுன்னாக. பெறகு ரெட்ட மடிப்பு. இப்ப மூணு மடிப்பு வச்சு ரிப்பும் போட்டுட்டேன். கடைக்குக் கொண்டு போகும்போது மட்டும் கழட்டிருவாக, அழுக்குத் துணியோட வந்தா நீங்க கை வைக்கமாட்டீகளாம்ல."

ஒற்றைத் துணிக்கு இரண்டரை மாசம். இரட்டைக்கு ஒரு மாசம். மூன்று மடிப்புக்குப் பன்னிரண்டு நாள். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. தன்னுடைய சூட்டை வெளியே விட வழியில்லாமல் ஆல்டர்னேட்டர் உள்ளேயே வெந்திருக்கிறது. டாக்டரிடம் போகிறவன் நான் சட்டை போட்டிருந்தேன் என்று தனியாகவா சொல்வான்? ராக்கையாவும் சொல்லவில்லை. தண்ணீர் படக் கூடாது என்று சொன்னதும் அவன் வாய், கழுவிக் கொண்டுவா என்று எழுதியதும் அவன் கை. 

ராக்கையா வந்ததும் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தான். அவர் முகத்தைப் பார்த்தான். சொன்னால் இந்த மனுஷன் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் நேரே முதலாளி வீட்டுக்குப் போய் நான்தான் கெடுத்தேன் என்று நிற்பார். ஆகவே வேறு ஒன்றைச் சொன்னான். இந்த எலாஸ்டிக் பெல்ட்டில் சிக்கினால் பெல்ட் அறுந்துபோகும், இனி உறை போட வேண்டாம் என்றான். ராக்கையா பதறிப்போய் அப்பொழுதே சரி என்றார். உறையை அந்தோணிராஜ் கேட்டு வாங்கிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை சாமியப்பனின் ஆபீஸுக்குப் போனான். முதலாளியிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லிவிடலாம், அவர் பெரிய மனுஷர், புரிந்துகொள்வார் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். சாமியப்பன் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார். அவன் பைக்குள் கையை விட்டு உறையைத் தொட்டுக்கொண்டே, காரைப் பற்றி ஒரு விஷயம் என்று தொடங்கினான்.

"அது முடிஞ்சு போச்சுங்க தம்பி, உடுங்க" என்றார் அவர். "எனக்கு யார் மேலயும் வருத்தமில்லீங்க. எங்கம்மாவை அந்த வெயில்ல நிக்க வெச்சதுதான் மனசு ஆறமாட்டேங்குது. மொதல்ல டிரைவர் மேலதான் சந்தேகப்பட்டனுங்க. அவரு ஏதாச்சும் பண்ணியிருந்தா, கை போன ஆளுன்னுகூடப் பாக்காம அன்னைக்கே அனுப்பியிருப்பேன். பாத்தா மனுசன் கொழந்தையாட்டப் பாத்துக்கறாரு. அவரைச் சந்தேகப்பட்டதுக்குச் சாமி முன்னால கன்னத்துல போட்டுக்கிட்டனுங்க."

ஜன்னலுக்கு வெளியே ராக்கையா எட்டு விரலால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தோணிராஜ் பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தான். உறை உள்ளேயே இருந்தது. காபியைக் குடித்தான். சூடாக இருந்தது என்பதைத் தவிர ருசி ஒன்றும் தெரியவில்லை. வந்த விஷயம் என்ன என்று அவர் கேட்டதற்கு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். மன்னிப்புக் கேட்க வந்து வாய் வராமல் போகிறான் என்று சாமியப்பன் எடுத்துக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அதற்குப்பிறகு அந்தக் காருக்கு ஒரு கேடும் வரவில்லை. உறை இல்லை, சூடு இல்லை, கருகல் இல்லை. வைகாசி போயிற்று, ஆடி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. நஞ்சப்பன் போட்ட தட்டு மலைபோல நின்றது. பார், அசல் சாமான் போட்டால் வண்டி எப்படி ஓடுகிறது என்று வீதி பேசியது. அந்தோணிராஜின் மேல் இருந்த சந்தேகம், அவனே செய்த வைத்தியத்தால் நிச்சயமாகிப்போயிற்று. பழைய மொபெட்டுகளுக்கு ஹாரன் மாட்டுகிற வேலைதான் இப்போது அவனுக்கு வந்தது. கழுவாமலே கொண்டுவந்தார்கள், அவனும் கை வைத்தான். பலகையை ஒருநாள் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டான். ஏன் என்று நதியா கேட்டாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் புருஷனுக்காக அவள் வீதியில் இறங்கிவிடுவாள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. ராக்கையா இறங்கினார். கையில் ஒரு புது உறை.

"எலாஸ்டிக் வேண்டாம்னு சொன்னேல்ல தம்பி, நாடா வச்சுத் தச்சிருக்கா. இது பெல்ட்டுல சிக்காது. நீ ஒரு வார்த்தை சரின்னா மாட்டிக்கிடுதேன்" என்றார். ஊரே இவனைக் கைவிட்டபிறகும் அவனிடம் வந்து யோசனை கேட்கிற ஒரே ஆள் அவர். மழையில் நனையாமல் உறையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அந்தோணிராஜ் வாங்கிப் பார்த்தான். நாலு மடிப்பு. தையல் ஒரு நூல் பிசகவில்லை. இதைப் போட்டால் பத்து நாளில் நஞ்சப்பன் போட்ட தட்டும் கருகும். அவன் பெயரில் ஒட்டியிருந்த அழுக்கு போய்விடும். ஆனால் நஞ்சப்பன் அவனைப்போல இல்லை, கூப்பிட்டால் கார் நின்ற இடத்துக்கே வந்து பானட்டைத் திறக்கிறவன். உறையோடு பிடிப்பான். அன்று சாயங்காலமே ராக்கையாவின் சீட்டு போகும்.

"வேண்டாம் அண்ணாச்சி. போடாதீங்க."

"ஏன் தம்பி?"

ஏன் என்று சொல்ல அவனிடம் பொய் ஒன்றும் மிச்சமில்லை. உண்மையைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, "போட்டீங்கன்னா வண்டி நின்னுபோகும், அம்புட்டுதான்" என்று கத்திவிட்டான். கத்திய வேகத்தில் கையில் இருந்த உறையைப் பக்கத்திலிருந்த பேட்டரி ஆசிட் வாளிக்குள் போட்டான்.

ராக்கையா வாளியையே பார்த்தார். துணி முதலில் மிதந்தது, பிறகு மெல்ல அமிழ்ந்தது. அவர் முகத்தில் பயம் வந்தது. ஓடுகிற வண்டியை நின்றுபோகும் என்று மழைநாளில் வாய்விட்டுச் சொல்வது அவருக்கு வெறும் பேச்சு இல்லை, சாபம். இனி ஆயுசுக்கும் இவர் உறை போடமாட்டார் என்று அந்தோணிராஜுக்குத் தெரிந்தது. அதுவாவது நடந்ததே என்று நினைத்துக்கொண்டான்.

ராக்கையா காரின் கதவைத் திறந்தார். உட்காரும் முன் ஒரு தடவை திரும்பினார்.

"அந்த வண்டி நல்லா ஓடுறது ஒனக்குப் பொறுக்கலையா தம்பி? மொதலாளி ஒன்னையச் சந்தேகப்பட்டப்ப நான் நம்பலை. இத்தனை மாசமும் ஒனக்காக அவருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

 அண்ணாச்சி என்று அந்தோணிராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவனாக இருந்தால் அவன் இந்நேரம் வேறு எங்கோ இருந்திருப்பான். ராக்கையா பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினார். முதல் செல்ப்பிலேயே எஞ்சின் பிடித்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்ததை அவன் மழையில் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான். சார்ஜ் சரியாக ஏறிக்கொண்டிருந்தது.